பாலாற்றங்கரையில் கிளாவர் வளருமா?

சீட்டுக்கட்டைப் பிரித்துப் பாருங்கள். ஸ்பேடு, ஆர்ட்டின், டைமண்டு, கிளாவர் என்று நாலு வகைச் சீட்டு இருக்கும். கறுப்பு நிறத்தில் மூன்று வட்டம் ஒட்டிக்கொண்டு, கீழே ஒரு காம்பு நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அதுதான் கிளாவர்.

அது வெறும் படம் அல்ல. ஓர் இலை!

ஐரோப்பாவின் மேய்ச்சல் நிலங்களில் தரையோடு தரையாகப் படரும் செடி அது. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். வெள்ளைப் பூ. பூவைச் சுற்றித் தேனீக் கூட்டம். பயறு, உளுந்து, அவரை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் இந்தக் கிளாவரும்.

இன்று மேல்நாடுகளில் இந்தச் செடிக்குத் திடீர் மவுசு வந்திருக்கிறது. வீட்டுக்கு முன்னால் வளர்த்த புல்தரையை எடுத்துவிட்டுக் கிளாவர் விதைக்கிறார்கள். சிலர் புல்லோடு கலந்து விதைக்கிறார்கள். "உரம் வேண்டாம். அடிக்கடி வெட்ட வேண்டாம். தண்ணீரும் குறைவு" என்கிறார்கள்.

தண்ணீர் குறைவு என்ற சொல் காதில் விழுந்தால் வேலூர்க்காரர்களும் ஆம்பூர்க்காரர்களும் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்களா? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், ஷூ கம்பெனி வாசல், புதிதாகக் கட்டிய வீடு என்று எங்கும் இன்று ஒரு துண்டுப் புல்தரை போட ஆசைப்படுகிறார்கள். அதற்கு ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. அப்படியானால் இங்கே கிளாவர் போடலாமா?

வேர் முடிச்சின் வேலை

கிளாவருக்கு ஏன் உரம் வேண்டாம்? இதற்கு விடை வேலூர் மாவட்டத்து விவசாயியின் கையிலேயே இருக்கிறது.

மல்லாட்டைச் செடி ஒன்றைப் பிடுங்குங்கள். வேரில் கடுகு போலச் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா குடியிருக்கிறது. நாம் மூச்சு விடும் காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன். செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சில் உள்ள பாக்டீரியா அதைப் பிடித்துச் செடிக்கு உரமாக மாற்றிக் கொடுக்கிறது. செடி பதிலுக்கு அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. வாடகைக்குக் குடி வைத்த மாதிரிதான்!

இந்த ரகசியத்தை 1886ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் என்ற இருவர் உலகுக்குச் சொன்னார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஹாலந்து நாட்டுப் பெய்ரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து எடுத்தார். ஆனால் பயறு விதைத்த நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்பது நம் விவசாயிகளுக்கு அதற்கு எத்தனையோ காலம் முன்பே தெரியும்.

பயறுக் குடும்பத்தில் எல்லாச் செடிக்கும் இந்த வரம் கிடைக்கவில்லை. ஆவாரையும் அந்தக் குடும்பம்தான். முன்காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான் கைகண்ட பொருள். அந்த ஆவாரையின் வேரில் முடிச்சு கிடையாது.

களை ஆன கதை

கிளாவர் ஒரு காலத்தில் அமெரிக்காவில் புல்தரையின் மரியாதைக்குரிய கூட்டாளி. கடையில் விற்ற புல்விதைப் பையில் கொஞ்சம் கிளாவர் விதையும் கலந்திருக்கும். அது இருந்தால் புல் தானாகப் பச்சையாக நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

1940களின் நடுவில் 2,4-டி என்ற களைக்கொல்லி கடைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளை அது கொல்லும், புல்லை விட்டுவிடும். களையோடு சேர்ந்து கிளாவரும் செத்தது. மருந்தால் காப்பாற்ற முடியாத செடியைக் களை என்றே சொல்லிவிட்டார்கள்! கிளாவர் போனதும் புல்லுக்கு உரமூட்டை தேவைப்பட்டது. உரம் போட்டால் புல் வேகமாக வளரும். வளர்ந்தால் வெட்ட வேண்டும். வெட்டினால் மறுபடி தண்ணீர். இப்படி ஒரு செலவு இன்னொரு செலவை இழுத்து வந்தது. அந்த மருந்து இன்று நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது.

ஊட்டியில் உண்டு, வேலூரில்?

தமிழ்நாட்டில் வெள்ளைக் கிளாவரைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குப் போக வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் வந்து அந்தக் குளிரில் ஊன்றிக்கொண்ட செடி அது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள அரசாங்க ஆட்டுப் பண்ணை மேய்ச்சலில் கிக்கூயூ என்ற ஆப்பிரிக்கப் புல்லும் கிளாவரும் கலந்து வளர்கின்றன. புல்லுக்கு உரம் கிளாவரின் வேரிலிருந்து. ஆட்டுக்குச் சத்து இரண்டின் இலையிலிருந்தும்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வேலூர் 200 மீட்டரைச் சற்றே தாண்டும். வேலூர் வெயில் உலகறிந்தது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சர்வசாதாரணம். மார்கழியில் விதைத்தால் வெள்ளைக் கிளாவர் முளைத்து நாலு இலை விடலாம். சித்திரையில் கருகிப் போகும்.

வெயில் ஒன்றுதான் பகை என்றால் கூட நிழலில் வைத்துப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய பகை ஒன்று இங்கே இருக்கிறது. அது மண்ணில் இருக்கிறது. கிணற்றில் இருக்கிறது.

உப்பு!

உப்பு வந்த வழி

ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் இருக்க உப்புத் தடவி அடுக்குவார்கள். 100 கிலோ பச்சைத் தோலுக்குச் சுமார் 40 கிலோ உப்பு பிடிக்கும். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அந்தத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழுவுவது. அந்தக் கழுவுநீர் பல்லாண்டு காலம் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் பாலாற்று மணலுக்கும் போயிற்று. மணலில் இறங்கிய உப்பு கிணற்றில் வந்து நின்றது.

இந்த வழக்கு டெல்லி வரை போனது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையத்துக் கணக்கு அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்றது கோர்ட்டு. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஊர்களில் ஆலைகளுக்குப் பொதுவான சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. ஆனாலும் கதை முடியவில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈட்டுத் தொகை கொடுக்கவும், ஆற்றைச் சீர்செய்வதைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட்டது. இதற்கிடையில் 2019இல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. மாவட்டம் பிரிந்தது, நிலத்தடி உப்பு பிரியவில்லை.

ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம்

"ஆலை செய்தது ஆலையோடு போகட்டும். என் வீட்டுப் புல்தரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்தடிக்குப் பத்தடி புல்தரை. அதாவது 100 சதுர அடி. கோடையில் பச்சையாக நிற்க அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 45 லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று குடம்!

அது கிணற்று நீர் அல்லது ஆழ்துளைக் கிணற்று நீர் என்று வையுங்கள். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர விதி. வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 2,000 வரை போகலாம். உங்கள் தண்ணீர் அந்தக் கடைசி எல்லையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 2 கிராம். 45 லிட்டருக்கு 90 கிராம். மாதத்துக்கு 2 கிலோ 700 கிராம்!

தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு போகாது. கடையில் உப்பு வாங்கி, மாதம் இரண்டே முக்கால் கிலோ வீதம் பத்தடித் தோட்டத்தில் தூவுவது போலத்தான் இது. எல்லாம் சமையல் உப்பு அல்ல. சுண்ணாம்புச் சத்தும் வேறு உப்புகளும் அதில் கலந்திருக்கும். மழை வந்தால் கொஞ்சம் கீழே கழுவிக்கொண்டு போகும். மழை வரும் வரை வேர்தான் அதைத் தாங்க வேண்டும். நல்ல தண்ணீரே ஆனாலும், லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், மாதம் அரைக் கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும்.

சட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிறதா? மதில் அடியில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறதா? தோட்டத்து மண் காய்ந்ததும் மேலே மாவு தூவினது போல் இருக்கிறதா? அப்படியானால் அந்த வீட்டில் கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கிளாவர் தோற்கும் இடம் இதுதான். எந்தச் செடி எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று வேளாண் விஞ்ஞானிகள் அளந்து வைத்திருக்கிறார்கள். மண்ணின் உப்பு எண் 4ஐத் தாண்டினால் அது உவர்மண். கிளாவர் வகைகளுக்கு 1.5 தாண்டினாலே வளர்ச்சி குறையத் தொடங்கும். வேர்க்கடலை 3.2 வரை பொறுக்கும். நம் அறுகம்புல்லோ 6.9 வரை அசையாது!

ஆக, உப்பு மண்ணில் அறுகைப் பிடுங்கிவிட்டுக் கிளாவர் வைப்பது, பலசாலியை அனுப்பிவிட்டு நோஞ்சானை வேலைக்கு வைப்பது போலாகும்.

பள்ளி மைதானத்து மூவிலை

கிளாவர் வேண்டாம் என்றால் அதன் வேலையையும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அதே வேலையைச் செய்ய நம் ஊரிலேயே ஓர் ஆள் இருக்கிறது. பெயர் சிறுபுள்ளடி. புள் என்றால் பறவை. குருவிக் காலடி போல மூன்று சின்ன இலை. அதனால் வந்த பெயர்.

பள்ளி மைதானத்தில், சாலையோரத்தில், கோயில் வெளிப்பிராகாரத்தில் அறுகுக்கு நடுவே குனிந்து தேடினால் கிடைக்கும். தரையோடு ஒட்டிப் படரும். கணுவுக்குக் கணு வேர் விடும். ஊதா கலந்த சின்னப் பூ. பிறகு கொக்கி மயிரோடு குட்டிக் காய். மாடு விரும்பி மேயும். வேரில் முடிச்சு உண்டு. இலையும் வேரும் மக்கும்போது அந்தச் சத்து பக்கத்து அறுகுக்குப் போய்ச் சேரும். நீலகிரியில் கிக்கூயூவும் கிளாவரும் செய்யும் கூட்டு வியாபாரத்தை இங்கே அறுகும் சிறுபுள்ளடியும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே நடத்துகின்றன. நாம்தான் களை என்று சொல்லிப் பிடுங்குகிறோம்.

தீவனம் வளர்ப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கம்பு நேப்பியர்ப் புல் மூன்று வரிசைக்கு வேலிமசால் ஒரு வரிசை வைப்பார்கள். புல் வயிற்றை நிரப்பும். மசால் சத்தைக் கொடுக்கும்.

சிறுபுள்ளடியைத் தேடும்போது புளியாரையைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதற்கும் மூன்று இலைதான். ஆனால் ஒவ்வொன்றும் இதய வடிவம். வாயில் போட்டால் புளிக்கும். வேரில் முடிச்சு இல்லை. வயல் நீரில் மிதக்கும் ஆரைக்கீரைக்கு நாலு இலை. மேல்நாட்டில் கிளாவரில் அபூர்வமாக நாலிலை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று புத்தகத்தில் வைத்துப் பாதுகாப்பார்கள். நம் ஆரைக்கு எப்போதும் நாலிலைதான். அந்தக் கணக்கில் நம் வயல்காரர்கள் எல்லாம் பெரிய அதிர்ஷ்டசாலிகள்! ஆனால் ஆரை கிளாவரும் அல்ல, பூக்கும் செடியும் அல்ல. அது பெரணி இனம்.

சிறுபுள்ளடிக்கு ஒரு குறை உண்டு. மல்லாட்டை தவிக்கும் உப்பு மண்ணில் இதுவும் தவிக்கும். மழைநீர் விழும் இடத்திலும், உப்பு ஏறாத தோட்டத்திலும்தான் இதை நம்பலாம்.

"பிடுங்காதேம்மா!"

உப்பு ஏறிய இடத்துக்கு வேறு ஆள். வாய்க்கால் கரையில், ஏரி உள்வாயில், குழாயடியில் தானாக முளைத்துக் கிடக்கும் பொடுதலை.

பல வீடுகளில் இந்தப் பேச்சு நடந்திருக்கும்.

"அத்தை, குழாயடியெல்லாம் ஏதோ கொடி ஓடியிருக்குது. பிடுங்கிப் போட்டுடட்டுமா?"

"பிடுங்காதேம்மா! அது பொடுதலை. தலையில் பொடுகு வந்தால் எண்ணெய் காய்ச்ச வேணும்."

அத்தை சொன்னது சரி. பொடுகுக்குப் பேர் போனதால்தான் பொடுதலை. சாறெடுத்து நல்லெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பது வழக்கம். ஆனால் அதற்கு இன்னொரு புகழ் வெளிநாட்டில் இருப்பது அத்தைக்குத் தெரிந்திருக்காது. லிப்பியா என்ற பெயரில் இது கலிபோர்னியாவில் நூறு ஆண்டுக்கும் முன்பே புல்லுக்குப் பதிலாகத் தரையில் நடப்பட்டது. ஜப்பான்காரர்கள் இதைத் தேர்ந்தெடுத்துச் சீர்படுத்தி, குராப்பியா என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். நம் குழாயடிக் கொடி கடல் கடந்து காசாகிவிட்டது!

பொடுதலை பயறு இனம் அல்ல. காற்றிலிருந்து உரம் பிடிக்கத் தெரியாது. அதன் பலம் வேறு. உப்பைத் தாங்கும். மிதித்தால் சாகாது. நீர் தேங்கினாலும் பிழைக்கும். காய்ந்தாலும் கணுவிலிருந்து துளிர்க்கும். இலை பரப்பி மண்ணை மூடிக்கொள்வதால் வெயில் நேராக மண்ணில் படாது. ஈரம் ஆவியாவது குறையும். மண் காய்ந்தால்தானே கீழே இருக்கும் உப்பு மேலே ஏறி வரும்? மூடிய மண்ணில் அந்த ஏற்றமும் குறையும்.

இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பூ நிறைய இருப்பதால் தேனீ வரும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடத்தில் பூக்கும் காலம் பார்த்து மேலோட்டமாக வெட்டிவிட வேண்டும். இரண்டாவது, ஆலைக் கழிவுநீர் ஓடிய மண்ணில் வளர்ந்த பொடுதலையைத் துவையலுக்கோ மருந்துக்கோ எடுக்கவே கூடாது. அந்த மண்ணில் உப்போடு குரோமியமும் இருக்கக் கூடும். அது பார்வைக்கு மட்டும்.

ஆஸ்திரேலியாவில் பொடுதலையின் நெருங்கிய உறவுச் செடி ஒன்று ஆற்றுவெளிகளில் மேய்ச்சல் புல்லை அழித்துப் பெரும் தொல்லையாகி இருக்கிறது. அங்கே அது வந்தேறி. நம் பொடுதலை இங்கே சொந்த ஊர்ச் செடி. ஆனாலும் வயல் வரப்பை ஒட்டி நடாமல், நடைபாதையோ கல்லோ சுற்றி உள்ள இடத்தில் நடுவது நல்லது.

எப்படி நடுவது?

முதலில் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணையும் ஒரு புட்டித் தண்ணீரையும் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கே யோசனை கேட்கலாம். மண் வெறும் உவரா, களராகவும் மாறிவிட்டதா என்று பார்த்துத்தான் ஜிப்சம் போடலாமா என்பதைச் சொல்வார்கள். கேட்காமல் ஜிப்சத்தைக் கொட்டுவது வீண் செலவு.

உப்பு எண் மிகவும் ஏறிப் போயிருந்தால் எந்தச் செடியும் மாயம் செய்யாது. பொடுதலை உப்பைத் தாங்குமே தவிரத் தின்று தீர்க்காது. அங்கே முதல் மழைக்கு முன் இடத்தைச் சுற்றி அரையடி வரப்புக் கட்டி, மழைநீர் நின்று மண்ணுக்குள் இறங்கும்படி விட வேண்டும். மொட்டைமாடி மழைநீரையும் அங்கே திருப்பலாம். உப்பைக் கீழே தள்ளுவது நல்ல தண்ணீர் ஒன்றுதான். இடம் முழுக்க சிமெண்டு போட்டு மூடிவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

இந்தப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஆகவே ஆடி, ஆவணியில் நட்டால் மார்கழி வரை மழையே பாதி வேலையைச் செய்துவிடும். பொடுதலைக் கொடியை மூன்று நாலு கணு இருக்கும்படி வெட்டி, அரையடி இடைவெளியில் படுக்கவைத்து, கணு மண்ணுக்குள் போகும்படி அழுத்தினால் போதும். சிறுபுள்ளடியை வேர்மண்ணோடு சிறு சிறு பத்தையாகப் பெயர்த்து அறுகுக்கு நடுவே ஊன்றலாம். இருக்கிற அறுகைப் பிடுங்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மாதம் மண் காயாமல் பார்த்து, கோரையையும் பார்த்தீனியத்தையும் கையால் எடுக்க வேண்டும். 2,4-டி மருந்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. அது அறுகை விட்டுவிட்டு இந்த இரண்டையும் கொன்றுவிடும்.

தரை மூடிக்கொண்ட பிறகு தினம் மூன்று குடம் தேவையில்லை. மழையில்லாத நாளில், இலை வாடத் தொடங்கும்போது ஊற்றினால் போதும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, நாள் விட்டு நன்றாக ஊறும்படி ஊற்றுவது மேல். தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

சித்திரை, வைகாசியில் சிறுபுள்ளடி காய்ந்து பழுப்பாகும். செத்துப் போயிற்று என்று கொத்திப் போட்டுவிட வேண்டாம். விதையும் வேர்க்கணுவும் மண்ணில் இருக்கும். கோடை மழை இரண்டு பெய்ததும் மூவிலை மறுபடி தலைகாட்டும்.